வளையாத கையும் தொப்புளுக்குக் கீழே ஒரு புள்ளியும்

ஜப்பானியப் போர்க்கலையான ஐகிடோவைக் கற்க வரும் புதியவருக்குப் பல டோஜோக்களில் (பயிற்சிக் கூடங்களில்) முதல் நாளே காட்டிவிடும் சோதனை ஒன்று உண்டு. ஜப்பானியில் ஓரெநாய் தே, அதாவது மடங்காத கை. வலது கையை முன்னால் நீட்டி, முழங்கையைச் சற்றே தளர்வாக மடித்து வைக்க வேண்டும். முழங்கையின் உள்மடிப்பு மேலே பார்க்க வேண்டும். துணைவர் ஒரு கையால் மணிக்கட்டைக் கீழிருந்து பிடிப்பார்; மறு கையை அந்த உள்மடிப்பின் மேல் வைப்பார். பிறகு மணிக்கட்டை நம் தோளை நோக்கித் தூக்கி, முழங்கையைக் கீழே அமுக்கி, கையை மடக்கப் பார்ப்பார். முழங்கை இயல்பாக மடியும் திசையில்தான் அமுக்க வேண்டும். எதிர்த் திசையில் அமுக்கினால் மூட்டு போய்விடும்.

முதல் முறை முஷ்டியை இறுக்கி, முழு பலத்தோடு எதிர்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் கை மடங்கிவிடும். இரண்டாம் முறை விரல்களைத் திறந்து, தோளை இறக்கி, தீயணைப்புக் குழாயில் தண்ணீர் பாய்வதுபோல் விரல் நுனிகளின் வழியே ஏதோ ஒன்று எதிர்ச்சுவரையும் தாண்டிப் பாய்வதாக எண்ணச் சொல்வார்கள். துணைவர் அவரேதான், அவர் பலமும் அதுவேதான். ஆனால் கை மடங்காது.

இதில் மாயம் எதுவும் இல்லை. முஷ்டியை இறுக்கி எதிர்ப்பவர் மேற்கையின் முன்தசை, பின்தசை இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறார். முன்தசையின் வேலையே கையை மடக்குவது. ஆகவே அவருடைய பலத்தில் ஒரு பங்கு துணைவருக்கு உதவப் போய்விடுகிறது. ‘வெளியே பாய்கிறது’ என்று எண்ணுபவரிடம் முன்தசை ஓய்ந்துவிடுகிறது; நீட்டும் வேலையைச் செய்யும் பின்தசை மட்டும் நிற்கிறது. “முன்தசையைத் தளர்த்து, பின்தசையை மட்டும் இயக்கு” என்று கட்டளையிட்டால் எவராலும் செய்ய முடியாது. தண்ணீரை எண்ணச் சொன்னால் உடனே செய்துவிடுகிறார்கள். மனம் ஒரு திசையைப் பிடித்தால் எந்தத் தசை வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை உடல் தானே பிரித்துக்கொள்கிறது. மன உடல் ஒருமை என்று ஜப்பானியர் சொல்வதில் பாதி இந்தச் சின்னச் சோதனையிலேயே இருக்கிறது.

ஜப்பானியில் இந்த ஒருமைக்கு ஷின்ஷின் தோயிட்சு என்று பெயர். முதல் ஷின் மனம், இரண்டாம் ஷின் உடல், தோயிட்சு என்றால் ஒன்றாக்குதல். இந்தப் பெயரோடு ஒரு முறையை வகுத்தவர் நகமுரா டெம்பூ (1876–1968). இயற்பெயர் சபுரோ. வாள்வித்தையில், குறிப்பாக ஸூய்ஹென் ரியூ என்ற மரபில், தேர்ந்தவர். அந்த மரபில் அமாட்சுகாஸே என்று ஒரு வாள்முறை உண்டு. அதை எழுதும் எழுத்துகளில் இருந்து எடுத்ததுதான் டெம்பூ என்ற பெயர். 1904–05 ரஷ்ய ஜப்பானியப் போர்க் காலத்தில் மஞ்சூரியாவில் உளவுப் பணி பார்த்தார். திரும்பிய பின் காசநோய் பிடித்தது. மருத்துவமும் தத்துவமும் தேடி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார். ஊர் திரும்பும் வழியில் எகிப்தில் ஒரு யோகியைச் சந்தித்து, அவரோடு காஞ்சன்ஜங்கா மலையடிவாரத்துக்குச் சென்று பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 1919-இல் தோக்கியோவில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அது பின்னாளில் டெம்பூகாய் என்ற பெயரில் நிலைத்தது.

இந்தப் பயிற்சிகளை உருவாக்கியவர்கள் பலருக்கும் நெஞ்சு நோய் இருந்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. டெம்பூவுக்குக் காசம். அவருடைய மாணவரும் ஐகிடோ ஆசானுமான தோஹெய் கோயிச்சிக்கு (1920–2011) மாணவப் பருவத்தில் நுரையீரல் உறையில் அழற்சி. இவர்களுக்கு வெகு காலம் முன்பு ஸென் துறவி ஹாகுயின் (1686–1769) அளவு மீறித் தியானம் செய்து, தலை சூடேறி, நெஞ்சு வறண்டு, கால்கள் பனியில் வைத்ததுபோல் சில்லிட்டுப்போன நிலையில்தான் அடிவயிற்றுக்கு மனத்தை இறக்கும் முறையைக் கைக்கொண்டார். ‘மேலே ஏறியதைக் கீழே இறக்கு’ என்ற ஒரே அறிவுரை இவர்கள் எல்லோரிடமும் வருவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அது நோயாளிகள் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த அறிவுரை.

டெம்பூவின் முறையில் போர்க்கலைஞர்கள் அதிகம் எடுத்துக்கொண்டது கும்பஹாகா. நம் கும்பகம்தான், ஆனால் பொருள் மாறியிருக்கிறது. நாம் கும்பகம் என்றால் மூச்சை உள்ளே நிறுத்துவதைச் சொல்கிறோம். டெம்பூ சொன்ன கும்பஹாகா ஓர் உடல்நிலை. மூன்று செயல்களை ஒரே கணத்தில் செய்ய வேண்டும்: தோள்களைத் தொங்க விடுவது, குதத்தைச் சுருக்குவது, அடிவயிற்றில் பலத்தை நிரப்புவது. திடீர்ச் சத்தம், கெட்ட செய்தி, முகத்துக்கு நேரே வரும் அடி, இவற்றில் எது வந்தாலும் முதல் கணத்தில் இந்த மூன்றும் நிகழ்ந்துவிட்டால் அதிர்ச்சி மேலே ஏறாது என்பது அவர் கருத்து.

இதைப் பழகும்போது வரும் முதல் தவறு தோளில்தான். அடிவயிற்றை இறுக்கப் போனால் தோள் தானாக மேலே ஏறும். ஆகவே வரிசையைத் தோளில் இருந்து தொடங்குவது நல்லது. தோளைக் காது வரை தூக்கி, தொப்பென்று விழவிட்டு, விழும் அதே கணத்தில் மற்ற இரண்டையும் செய்து பார்க்க வேண்டும். இரண்டாம் தவறு தொண்டையை அடைப்பது. முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்தால் அது கும்பஹாகா இல்லை. பாரம் தூக்குபவர் முக்குவதுதான். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட. சரியாகச் செய்தால் அந்த நிலையிலேயே இயல்பாகப் பேச முடியும். மூன்றாவது தவறு அதிலேயே தங்கிவிடுவது. இடுப்புத் தளத்தை நாள் முழுக்க இறுக்கி வைத்திருந்தால் வலியும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். இரண்டு மூன்று நொடி செய்து விட்டுவிட வேண்டும். ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொன்றும் சிறிது நேரம், அவ்வளவே.

தோஹெயிடம் வரும்போது அடிவயிறு பற்றிய இந்தக் கருத்து மாறுகிறது. அவர் கெய்யோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது இச்சிகுகாய் என்ற டோஜோவில் ஸென் அமர்வும் மிசோகி என்ற தூய்மைச் சடங்கின் மூச்சுப் பயிற்சியும் செய்தவர். வாள் மேதை யமஓகா தெஷ்ஷூவின் மாணவர் வழி வந்த இடம் அது. பிறகு ஐகிடோவின் நிறுவனர் உயேஷிபா மொரிஹெயிடம் (1883–1969) சேர்ந்தார். உயேஷிபாவிடம் தாம் கற்ற பெரிய பாடம் தளர்வுதான் என்று பிற்காலத்தில் சொல்லிவந்தார். ஆசான் தெய்வங்களின் பெயரால் விளக்கம் சொல்லுவார். ஆனால் அவர் உடலில் எங்கும் இறுக்கம் இருக்காது. ஆசான் உடலில் கண்டதை விளக்க ஒரு மொழி வேண்டியிருந்தது. ‘மனம்தான் உடலை இயக்குகிறது’ என்று டெம்பூ சொன்ன வாக்கியத்தில் அந்த மொழி கிடைத்தது. 1953-இல் ஹவாய்க்குப் போய்ப் பெரிய உடல்வாகு கொண்டவர்களுக்குக் கற்பிக்க நேர்ந்தபோது, தெய்வங்களை விட்டுவிட்டு இந்த மொழியில் பேசினார். 1971-இல் கி, அதாவது உயிராற்றல், பற்றிய ஆய்வுக்கெனத் தனிச் சங்கம் தொடங்கினார். 1974-இல் ஐகிடோவின் தலைமை அமைப்பான ஐகிகாயை விட்டு விலகித் தம் வழிக்கு ஷின்ஷின் தோயிட்சு ஐகிடோ என்று பெயர் வைத்தார். டெம்பூவிடம் பயின்று ஐகிடோவுக்குள் அந்த மூச்சுமுறைகளைக் கொண்டுவந்த இன்னொருவர் தாதா ஹிரோஷி. இத்தாலியில் 1960-களில் ஐகிடோவை வேரூன்றச் செய்தவர் அவர்.

தோஹெயின் நான்கு விதிகள் இவை: தொப்புளுக்குக் கீழே உள்ள ஒற்றைப் புள்ளியில் மனத்தை அடங்க விடு, உடல் முழுவதையும் தளர விடு, ஒவ்வோர் உறுப்பின் எடையும் அதன் அடிப்பக்கத்தில் கிடக்கட்டும், கி வெளியே பாயட்டும். முதலும் நான்காவதும் மனத்துக்கு உரியவை, நடுவில் உள்ள இரண்டும் உடலுக்கு உரியவை. நான்கையும் சேர்த்துச் செய்ய முயல்வதுதான் புதியவர் செய்யும் தவறு. ஒன்றைச் சரியாகப் பிடித்தால் மற்ற மூன்றும் உடன் வந்துவிடும், ஒன்று போனால் நான்கும் போய்விடும் என்பதுதான் அவர் போதனை. உடலைப் பிடித்துப் பழகியவர்களுக்கு மூன்றாவது விதி எளிது. நீட்டிய கையின் எடை கையின் மேல்புறத்தில் இல்லை, கீழ்ப்புறத்தில் கிடக்கிறது என்று எண்ணினால் போதும். தூக்க வருபவருக்கு அந்தக் கை திடீரென்று கனக்கும்.

ஒற்றைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்டால், தொப்புளுக்குக் கீழே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் என்பார்கள். அளவுகோலைவிட நல்ல வழி ஒன்று உண்டு. விரல் நுனியை அடிவயிற்றில் வைத்து அந்த இடத்தை இறுக்கிப் பாருங்கள். இறுகினால் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். எந்த இடத்தில் இறுக்க நினைத்தாலும் இறுக்க முடியவில்லையோ அங்கேதான் அந்தப் புள்ளி. இங்கேதான் ஆசானும் மாணவரும் பிரிகிறார்கள். டெம்பூ அடிவயிற்றில் பலத்தை நிரப்பச் சொன்னார். தோஹெய் பலம் போட முடியாத இடத்தைத் தேடச் சொன்னார். இரண்டையும் கலந்து குழம்புபவர்கள் அதிகம். என் மதிப்பீட்டில் இவை முரண்பாடு இல்லை, வேறு வேறு வேலைகள். கும்பஹாகா ஒரு கணத்துக்கான கேடயம். ஒற்றைப் புள்ளி நடக்கும்போதும் பேசும்போதும் எப்போதும் இருக்க வேண்டிய நிலை. கேடயத்தை நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடமாட முடியாது.

அடிவயிற்றில் மனத்தை வைப்பதற்கே ஒரு வலுவான மறுப்பு பழைய காலத்திலேயே வந்திருக்கிறது. ஸென் துறவி தாகுவான் (1573–1645), ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் வாள் ஆசான் யாக்யூ முனெனோரிக்கு எழுதியதில் இதை நேரடியாகவே பேசுகிறார். எதிராளியின் வாளில் மனத்தை வைத்தால் வாள் மனத்தைப் பிடித்துக்கொள்ளும். தன் வாளில் வைத்தால் தன் வாள் பிடித்துக்கொள்ளும். சரி, தொப்புளுக்குக் கீழே அமுக்கி வைக்கலாமா? அது பயிற்சி நிலைக்குத்தான் சரி, உயர்ந்த நிலைக்கு ஆகாது என்கிறார் தாகுவான். அமுக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணமே மனத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கும் வைக்காவிட்டால் அது உடல் முழுவதும் பரவி நிற்கும். கை வேண்டும்போது கையில் இருக்கும், கால் வேண்டும்போது காலில் இருக்கும்.

வயிற்றைக் குனிந்து பார்ப்பதுபோல் கவனத்தை உள்ளே திருப்பிக்கொண்டு நிற்பவரை யார் வேண்டுமானாலும் விழவைக்கலாம். கண் மங்கியிருக்கும், எதிராளி நகர்ந்த பிறகுதான் தெரியும். டோஜோவில் அடிக்கடி காணும் காட்சி இது. புள்ளியைத் தொட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். பார்வை திறந்து இருக்க வேண்டும். தாகுவான் சொன்னது அந்த இரண்டாம் பாதி. முதல் பாதியைத் தாண்டாமல் அங்கே போய்ச் சேர்ந்தவரும் இல்லை.

நிற்பதற்கு ஒரு வழி சொல்கிறேன், இதையே முதலில் பழகலாம். கால்களைத் தோள் அகலத்தில் வைத்துக் குதிகாலை உயர்த்தி, விரல்களின் மேல் நில்லுங்கள். தள்ளாட்டம் அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு குதிகால்களை மெல்ல, தரையைத் தொடும் ஓசைகூட வராமல் இறக்குங்கள். எடை முன்பாதத்திலேயே இருக்கட்டும். இப்போது துணைவர் எதிரே நின்று, விரல் நுனிகளால் மார்பெலும்பின் மேல்பகுதியில் மெதுவாகத் தள்ளட்டும். அடுத்து வேண்டுமென்றே குதிகாலைத் தொப்பென்று போட்டு நின்று அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டாவதில் ஒரு விரலே போதும், உடல் பின்னால் சாயும். தலையைச் சொறிந்துகொண்டு நின்றாலும், கீழே விழுந்த ஒன்றை நினைத்துக்கொண்டு நின்றாலும் அப்படித்தான் ஆகும்.

இந்தக் கி சோதனைகள்தான் தோஹெய் பள்ளியின் அருமையான கொடை. அதிகம் கெட்டுப்போகும் இடமும் இதுதான். சோதிப்பவர் பூஜ்யத்தில் இருந்து தொடங்கி ஒரே திசையில், ஒரே வேகத்தில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். உடல் நகரத் தொடங்கியதுமே நிறுத்திவிட வேண்டும். அவர் தேடுவது ஒரு தகவல், வெற்றி அல்ல. மாணவருக்குச் சாதகமாகத் திசையைச் சற்றே மாற்றுவது, ‘இப்போது நிற்பீர்கள்’ என்று சொல்லிவிட்டுத் தள்ளுவது, மூத்தவர் என்பதால் மெதுவாகத் தள்ளுவது, இவை எல்லாம் சோதனையைப் பொய்யாக்கும். அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. நிற்பவர் எந்த நிலையில் நிற்கப்போகிறார் என்பதைச் சோதிப்பவருக்குச் சொல்லாமல், மனத்துக்குள்ளேயே தேர்ந்துகொள்ளட்டும். பத்து முறை தள்ளிப் பார்த்து, எது எந்த நிலை என்று சோதிப்பவர் சொல்லட்டும். தூரத்தில் நின்று தொடாமலே ஆளைச் சாய்ப்பதாகக் காட்டும் இடங்கள் இந்த எளிய சோதனைக்கு உடன்படுவதில்லை.

நகர்ச்சியில் ஒருமையைக் காட்டுவதற்குப் படகு துடுப்பு அசைவு, அதாவது ஃபுனே கோகி, போதுமானது. மிசோகிச் சடங்கில் இருந்து ஐகிடோவுக்கு வந்தது. இடது கால் முன்னே. இடுப்பு முன்னே போகிறது, அது நின்ற பின் மணிக்கட்டுகள் முன்னே பாய்கின்றன. இடுப்பு பின்னே வருகிறது, அதன் பின் கைகள் இடுப்புக்கு வந்து சேர்கின்றன. கை முந்தினால் எல்லாம் போச்சு. கைகள் நீண்டு நிற்கும் கணத்தில் துணைவர் முஷ்டிகளை நம்மை நோக்கித் தள்ளினால், கை முந்தியவருக்குத் தோள் ஏறி உடல் பின்னே வளையும். இடுப்பு முந்தியவருக்கு அந்த அழுத்தம் பின்காலுக்கு இறங்கிவிடும்.

வாள்வித்தையான கெண்டோவில் இதே கருத்து விதியாகவே இருக்கிறது. கி, கென், தாய்: உள்ளம், வாள், உடல் மூன்றும் ஒன்றாக வர வேண்டும். குரல், மூங்கில் வாளின் அடி, வலது காலின் மிதி மூன்றும் ஒரே கணத்தில் சேராவிட்டால், வாள் தலையில் பட்டாலும் நடுவர் கொடியை உயர்த்த மாட்டார். அடித்த பின்னும் விழிப்பு நீடிக்க வேண்டும். அதுதான் ஸான்ஷின். அடித்ததும் வெற்றிக் களிப்பைக் காட்டினால் கொடுத்த புள்ளியே ரத்தாகலாம்.

மனமும் உடலும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை ஈவிரக்கமின்றிக் காட்டுவது கியூடோ என்ற வில்வித்தைதான். 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு. எட்டு நிலைகளில் ஆறாவது காய்: வில் முழுக்க இழுபட்டு, அம்பு கன்னத்தில் படிந்து, உடல் இரு பக்கமும் விரிந்துகொண்டே இருக்கும் நிலை. அங்கே சில நொடிகள் தங்கிய பின்தான் ஹனாரே, அம்பு விடுபடுதல். ஆனால் பலருக்கு ஒரு கட்டத்தில் ஹயாகே வந்துவிடுகிறது. இலக்கு கண்ணில் பொருந்தியதுமே, விட வேண்டும் என்று நினைக்காமலே, கை அம்பை விட்டுவிடும். முழு இழுப்புக்கு வருமுன்னே விட்டுவிடும் கையும் உண்டு. “பொறு” என்று மனம் சொல்லும், விரல் கேட்காது. நேர்மாறாக மொதாரே என்று ஒன்று: விட வேண்டிய தருணம் வந்தும் விட முடியாமல் உறைந்து நிற்பது.

ஹயாகே மன உறுதியால் தீராது. ‘இந்த முறை பொறுப்பேன்’ என்று பல்லைக் கடித்தால் இன்னும் மோசமாகும். இலக்கைப் பார்த்தல், விடுதல் என்ற இரண்டும் முடிச்சுப்போட்டதுபோல் ஆகிவிட்டன. அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். முதலில் ரப்பர் வில். பிறகு இலகுவான வில்லை அம்பு பூட்டாமல் முழுக்க இழுத்து, விடாமல் மெல்லத் திருப்பிக் கொண்டுவருவது. அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது, வில் சேதமாகும். அடுத்தது மகிவாரா என்ற வைக்கோல் கட்டு, ஒரு வில் நீளத் தொலைவில் வைத்து. அங்கே நிதானமாகக் காய் பிடிப்பவருக்கும் உண்மையான இலக்கின் முன் ஹயாகே திரும்பி வரும். அப்போது இலக்கின் எதிரே நின்று இழுத்து, விடாமல் இறக்கிவிட்டு வருவதை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். விடாமல் திரும்புவதும் தன் தேர்வுதான் என்று விரல் கற்றுக்கொள்ளும் வரை.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாக. செய்சாவில், அதாவது மண்டியிட்டுக் குதிகால் மேல் அமர்ந்து, கால் கட்டைவிரல்கள் லேசாக ஒன்றன்மேல் ஒன்று. முழங்கால்களுக்கு இடையே இரண்டு முஷ்டி இடைவெளி. முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலி முனையில் அமரலாம். வாயைத் திறந்து ‘ஹா’ என்ற மெல்லிய ஓசையோடு மூச்சை விடுங்கள். முடியும் தறுவாயில் உடல் சற்று முன்னே சாயட்டும். சிறிது காத்திருந்து மூக்கின் வழியே, பூவை முகர்வதுபோல் இழுங்கள். காலில் இருந்து நிரம்புவதாக எண்ணுங்கள். நிரம்பியதும் உடல் நிமிரட்டும். நொடிகளை எண்ணி நீட்டப் பார்த்தால் கடைசியில் திணறி ‘ஹக்’கென்று இழுக்க நேரும். அடுத்த மூச்சு அமைதியாக வரும் அளவுக்கு மட்டும் விட்டால் போதும். தலை கிறுகிறுத்தால் மூச்சு அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள், அன்றைக்கு நிறுத்திவிடலாம். தொடக்கத்தில் 5 நிமிடம், பழகிய பின் 15.

முடித்த பின் எழுந்து நின்று மணிக்கட்டுகளை விரல்கள் மங்கலாகத் தெரியும் வேகத்தில் உதறுங்கள். முழு உடலும் குதிகால் வரை அதிரும். பிறகு உதறலைப் பாதியாக்குங்கள், அதில் பாதி, அதிலும் பாதி. கைகள் அசையாதபோதும் அந்தப் பாதியாக்கல் உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும். ‘நின்றுவிட்டது’ என்று முற்றுப்புள்ளி வைக்க வேண்டாம். இந்த இடத்தில் துணைவர் தோளைத் தள்ளிப் பார்க்கட்டும். உதறலைப் பட்டென்று நிறுத்தியவர் ஆடிப்போவார்.